சாமியா, செடியா

பிரமிளாவின் கல்யாணம் முனியாண்டி சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பாக இருக்கிறதா? முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிரமிளா என் கணவர் பவனேஷின் தங்கை. முப்பது தாண்டியவள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அங்கேயே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் புனிதனை அவளுக்குப் பிடித்துப்போய் நாலைந்து வருஷமாகிறது. புனிதன் பத்தாங் காலிக்காரர். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அது ஒன்றுதான் என் மாமியார் லீலாவதிக்கு இடித்தது.

"பையன் தங்கமான பையன் லா. நான் வேணாம்னா சொல்றேன்? ஆடிப் படையலுக்குப் போறோம்ல, நம்ம சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம். அது சரின்னா எனக்கும் சரி," என்று முடித்துவிட்டார்.

அந்த வீட்டில் சாமி வார்த்தையை மீறுவது என்ற பேச்சே கிடையாது. என் மாமனார் ஒரு வருஷம் மீறினார். வண்டியில் தூரம் போகாதே என்று சாமி சொல்லியும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், ஈஜோக் சாலையில் லோரி மோதிச் செத்தார். பிரமிளா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதனால் அவள் எவ்வளவு படித்தும், எவ்வளவு ஆங்கிலம் பேசியும், முனியாண்டி என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நான் அவளைக் கேலி செய்ததில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவளிடம் என்னத்தைக் கேலி செய்வது?

உண்மையைச் சொன்னால் எனக்குக் கவலையே இல்லை. கோயில் பூசாரி கார்த்திகேசு மேல்தான் ஒவ்வொரு வருஷமும் சாமி வரும். வீடு வாங்கலாமா, பையனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, என்ன கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "நல்லபடியா நடக்கும், போ!" இதையும் கேட்டால் அதையேதான் சொல்லப்போகிறார். கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று நானும் பிரமிளாவும் பேசக்கூட ஆரம்பித்துவிட்டோம்.

கோயில் இருப்பது பத்தாங் காலிக்கு உள்ளே. செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே மீசையை முறுக்கிக்கொண்டு முனி. பின்னால் சரிவு இறங்கினால் சிற்றாறு. படையலன்று நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கோழிக் குழம்பு, முட்டை, சுருட்டு, கறுப்பு பீர் எல்லாம் இலையில் வைத்தாகிவிட்டது. கார்த்திகேசு உடுக்கையை அடிக்கத் தொடங்கினார்.

சாமி வரவில்லை. பூசாரிக்குப் போன வருஷம்தான் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அடிப்பார், மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடியும் அடிப்பார். எல்லோரும் கைகூப்பியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பி, "சாமி வந்தா ஊத்தத் தண்ணி பத்தாது மா. ஆத்துல ஒரு கொடம் மொண்டாந்துரு," என்றார்.

செருப்பில்லாத காலோடு சரிவில் இறங்கினேன். முந்தின நாள் மழை. குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறும்போது கால் வழுக்கியது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழ, கண் தெரியாமல் பக்கத்தில் இருந்த ஒரு செடியை வலது கையால் இறுகப் பிடித்தேன். ஆள் உயரச் செடி, அகலமான இலை, பார்வைக்கு ஒரு பாவமும் அறியாதது. பிடித்த நொடியில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடியில், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் முழங்கைவரை விட்டதுபோல் இருந்தது.

நான் மருந்தாளர். கோலா சிலாங்கூரில் கடை. பிள்ளை பெற்றிருக்கிறேன், சிறுநீரகக் கல்லும் பார்த்திருக்கிறேன். வலி என்று வருகிறவர்களிடம் எங்கே, எப்படி, எவ்வளவு நேரமாக என்று கேட்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கேள்வி எதற்கும் இங்கே பதில் இல்லை. கை எரிந்தது, அக்குள் எரிந்தது, பல் எரிந்தது. குடம் எங்கே விழுந்தது என்று தெரியாது. அலறிக்கொண்டு மேலே ஓடினேன்.

இப்போது நீங்கள் மேலே நிற்கிறவர்களாக இருந்து பாருங்கள். உடுக்கை அடித்து அடித்துச் சாமி வராமல் காத்திருக்கிறீர்கள். காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், தலைவிரி கோலமாக, புடவையெல்லாம் சேறாக, கையை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு அலறியபடி ஓடிவருகிறாள். என்ன நினைப்பீர்கள்?

"சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பாவம் கார்த்திகேசு, தான் தப்பித்த நிம்மதியில் உடுக்கையை இன்னும் பலமாக அடித்தார். "முனி பொம்பளைமேல வருமா?" என்று ஓர் ஆள் கேட்டதும், "வரும் லா, சும்மா இரு!" என்று இன்னொருவர் அதட்டியதும்கூட என் காதில் விழுந்தது.

"எரியுது! எரியுது!" என்றேன்.

"உக்கிரமா இருக்கு. தண்ணி ஊத்துங்க, தண்ணி!"

மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்த வலி ஒன்றுக்குப் பத்தாக எழும்பியது. தண்ணீர் பட்டால் அது அப்படித்தான் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் துள்ள, நாலு பேர் பிடிக்க, இன்னொரு குடத்தைப் பவனேஷே தூக்கிக்கொண்டு வந்தார். என் கணவர், என்னோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறவர், என் கண்ணைப் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. அத்தை என் காலடியில் விழுந்து, அழுதுகொண்டே கேட்டார்:

"ஐயா, என் மவளுக்கு அந்தப் பையனக் கட்டலாமா? ஒரு வார்த்த சொல்லுப்பா!"

குடம் என் தலைக்குமேல் சாய்ந்தது.

"வேணாம்!" என்றேன். "வேணாம், வேணாம், வேணாம்!"

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது நெற்றி நிறைய விபூதி இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு செம்பனை மரத்தடியில் பிரமிளா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பத்தாங் காலி கிளினிக்கில் ஊசி போட வந்த மலாய்ப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெலாத்தாங்," என்றாள். காட்டில் இருக்கிற சுணைச்செடி, கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், தண்ணீர் காட்டாதே, மாதக்கணக்கில்கூட வலிக்கும் என்று மலாயில் சொல்லி, பரிதாபமாகச் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும்.

எதுவும் சரியாகவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"காஞ்சொறியச் சொல்றியா மா?"

"அந்த மாதிரிதான் அத்தை. ஆனா இது வேற. பெரிசு."

"எனக்கா காஞ்சொறி தெரியாது? தோட்டத்துல நாங்க இருந்த லய வீட்டுக்குப் பின்னாடி கெடந்ததே அதுதான். பட்டா அரிக்கும், தடிக்கும், மண்ணத் தேச்சா போயிரும். அதுக்குப் போயி யாராச்சும் அப்படி ஆடுவாங்களா? ஒங் கையப் பாரு. ஒரு தடிப்பு இருக்கா?"

கையைப் பார்த்தேன். லேசான சிவப்பு. அவ்வளவுதான். உள்ளே நெருப்புப் பற்றி எரிகிறது, வெளியே விருந்துக்குப் போகலாம் போல இருக்கிறது. அந்தச் சனியன் பிடித்த செடிக்கு ஒரு கொப்புளமாவது போட்டிருக்கக் கூடாதா?

"அத்தை, தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னேன். கல்யாணத்தைச் சொல்லல."

"சாமி வந்தவங்களுக்கு என்னா பேசினோம்னு நெனப்பு இருக்காது மா. பூசாரியக் கேட்டுப் பாரு."

"எனக்கு எல்லாம் நினைப்பு இருக்கு!"

"அப்படித்தான் தோணும்," என்றார் அத்தை, குழந்தைக்குச் சொல்வதுபோல.

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். எனக்குச் சண்டை வரும். கோபம் வந்தால் அத்தை என்னை, யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டக் கணக்கு எழுத வந்த கிராணி வீட்டுப் பெண் என்று குத்துவார், நானும் விடமாட்டேன். ஆனால் அன்று முதல் அவர் என்னோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார். நான் வந்தால் எழுந்து நின்றார். எனக்குத் தட்டுப் போட்டுத்தான் தான் சாப்பிட்டார். கும்பிடுகிறவரிடம் எப்படி வாதாடுவது?

போதாததற்கு யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கைபேசியில் படம் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். நான் ஆடுகிறேன், அத்தை கேட்கிறார், "வேணாம்" என்கிறேன். தெளிவாக, கணீரென்று. அத்தை அதை எனக்கே போட்டுக் காட்டி, ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார்.

"நீ எங்க மா ‘வேணாம்’னு சொல்லுவ? ஒங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க ‘வேண்டாம்’னுதானே சொல்லுவீங்க. இது எங்க தோட்டத்துப் பேச்சு. நம்ம முனியோட பேச்சு."

பன்னிரண்டு வருஷம் அவர்களோடு பேசிப் பேசி என் நாக்கு மாறிப்போனது எனக்கே தெரியாது. என் அம்மா வீட்டில் கேலி செய்வார்கள், "நீ தோட்டத்துக்காரி மாதிரிக் கதைக்கிறாய்" என்று. அந்தக் கேலியை எழுதி வாங்கிக்கொண்டு வந்து அத்தையிடம் காட்டவா முடியும்?

பவனேஷிடம் போனேன். அவர் காலணியைத் துடைத்துக்கொண்டே, "செடியாவும் இருக்கலாம் பிரேமினி, சாமியாவும் இருக்கலாம். அம்மா மனசு நோகக் கூடாது பாரு," என்றார். ஒரு வார்த்தையும் அவர்மேல் பட்டுவிடாமல் பேசத் தெரிந்தவர். அன்று அவரை அடிக்கத்தான் கை வந்தது. அந்தக் கையை அசைக்க முடியவில்லை.

கடைசியில் பிரமிளா. அவளாவது நம்புவாள் என்று நினைத்தேன். அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாம் கேட்டாள். ஜெலாத்தாங் பற்றி இணையத்தில் தேடியும் பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்லல அண்ணி, ஐ நோ. ஆனா சாமி அந்தச் செடி வழியா வந்திருந்தா?"

"வாட் நான்சென்ஸ், பிரமிளா!"

"அப்பாவும் நான்சென்ஸ்னுதான் சொன்னாரு," என்றாள். "எனக்கு ஏதாச்சும் ஆனா பரவால்ல அண்ணி. புனிதனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எப்படி இருப்பேன்?"

புனிதனைக் கடைக்கு வரச்சொல்லிப் பேசினேன். மருந்து வாங்க வந்தவர்போல ஓரமாக நின்று கேட்டுக்கொண்டார். "நான் நம்புறேன் அக்கா. நான் நம்பி என்னா செய்ய? அவ நம்பணுமே," என்றார். வீட்டில் அவர் அம்மா பெண் பார்க்க வருகிற நாளுக்குப் புதுச் சேலை வாங்கி வைத்திருக்கிறாராம். போகும்போது என் கைக்கு என்ன போடுகிறேன் என்று விசாரித்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வலி போவதும் வருவதுமாக இருந்தது. அரிசி களையக் கையை விட்டால் உச்சந்தலைவரை ஏறும். நான் பல்லைக் கடித்து முனகினால் சமையலறை வாசலில் அத்தை கைகூப்பி நிற்பார். கத்தவும் முடியவில்லை, கத்தாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த நிலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. செடி என்று சொன்னால் நம்ப ஆளில்லை. சரி, சாமி என்றே இருக்கட்டும். ‘வேணாம்’ என்ற சாமி ‘வேணும்’ என்றும் சொல்லட்டும்.

நடிக்கலாம் என்று பார்த்தேன். குளியலறையில் கண்ணாடி முன் நின்று தலையை விரித்து ஆடிப் பார்த்தேன். பள்ளி ஆண்டுவிழாப் போல இருந்தது. அறுபது வருஷமாகச் சாமியாட்டம் பார்த்துப் பழகிய அத்தையின் கண்ணுக்கு அது ஒரு நிமிஷம் தாங்காது. ஆட்டம் நிஜமாக இருக்க வேண்டுமென்றால் வலியும் நிஜமாக இருக்க வேண்டும். இடது கை மிச்சம் இருந்தது.

சொல்லவேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்தேன். "கட்டி வைடி, லீலா!" முனி அப்படித்தான் பேசும், யாரையும் வாடி போடிதான். குழாயைத் திறந்துவிட்டுப் பலமுறை சொல்லிப் பழகினேன். மாமியாரை ‘டி’ போட்டுக் கூப்பிட நாக்கு கூசியது. பிறகு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

சாமி வாக்குக் கொடுத்ததற்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். பிரமிளா புனிதன் வீட்டுக்குப் பதில் சொல்வதற்கு முந்தின ஞாயிறு எல்லோரும் கிளம்பினோம். கூட்டம் இல்லை, நாங்களும் பூசாரியும் மட்டும். அடுப்பு மூட்டி, பொங்கல் பொங்கி, உடுக்கை தொடங்கியதும், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

செடி அங்கேயே நின்றது. அதன் தண்டில் யாரோ மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எப்படித் தொடாமல் கட்டினார்களோ, கெட்டிக்காரர்கள். அதன் முன்னால் நான் நிற்கும்போதே வலது கை தானாகப் பின்னால் போய் ஒளிந்தது. பயந்தேன். பிள்ளை பெறப் போகும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை, ஏனென்றால் அப்போது என்ன வரும் என்று தெரியாது. பிரமிளாவை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையால் ஓர் இலையைப் பற்றினேன்.

மேலே எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வந்துவிட்டேன். அத்தை ஓடி வந்தார். பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அலறலில் எந்தக் குறையும் இல்லை. கார்த்திகேசுவே பயந்து உடுக்கையைக் கீழே போட்டுவிட்டார். அத்தை மண்டியிட்டார். நான் நினைத்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல், அவர் கேட்டார்:

"ஐயா, சொன்னதக் கேட்டுக்கிட்டோம். இன்னும் என்னாப்பா வேணும்?"

மனப்பாடம் செய்தது தொண்டைவரை வந்தது. அப்போது வலி இன்னொரு தடவை உள்ளே புகுந்து, புகுந்த வீட்டில் நான் கற்ற தோட்டத்துத் தமிழ், குளியலறையில் பழகிய தந்திரம் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போனது. அடியில் மிஞ்சியிருந்ததுதான் வெளியே வந்தது.

"கட்டி வையுங்கோ மாமி! ஐயோ, நோகுது! கட்டி வையுங்கோ மாமி!"

கல்யாணமான முதல் மாதத்தோடு நான் விட்டுவிட்ட சொல் அது. எங்கள் வழக்கத்தில் மாமியார் ‘மாமி’தான். அத்தைக்கு அப்படிக் கூப்பிடுவது பிடிக்காததால் மாற்றிக்கொண்டேன்.

அத்தை கூப்பிய கையைப் பிரித்தார். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகமே மாறிவிட்டது.

"டேய் பவனேஷு, குடத்தக் கீழ வை! தண்ணி ஊத்தாத! இது சாமி இல்லடா, நம்ம பிரேமினி. அந்தச் செடிதான் பட்டுருச்சு புள்ளைக்கு. ஐயோ, என்னா துடி துடிக்குது பாரு!"

என் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். இத்தனை வாரமாக நான் யாசித்த வார்த்தை அதுதான். செடி. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அழுகையோடு அழுகையாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"அன்னிக்கும் இதேதான் அத்தை," என்றேன். "அன்னிக்கும் செடிதான்."

அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்கு நீ யாழ்ப்பாணமா பேசின? இல்லியே. அன்னிக்குப் பேசினது அவரு. இன்னிக்குப் பேசினது நீ. நாத்தனாருக்காகக் கையக் கொண்டுபோயி அதுல வச்சிட்டு வந்திருக்க, எனக்குத் தெரியாதா? ஒன்ன மாதிரி மருமவ யாருக்குக் கிடைக்கும் மா?" அவரும் அழுதார். அவ்வளவு பிரியத்தை அவர் என்மேல் என்றுமே காட்டியதில்லை. அதைத் தள்ளிவிட எனக்குத் தெம்பில்லை.

பிரமிளா கார்ச் சாவியை எடுத்தாள். "வாங்க அண்ணி, கிளினிக்குக்குப் போவோம்."

தோட்டத்து மண்சாலை முடிந்து பெரிய சாலைக்கு வந்தோம். வழியில் அவள் கைபேசி அடித்தது. வண்டித் திரையில் புனிதனின் பெயர் தெரிந்தது. அது அடித்து ஓயும்வரை அவள் சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஓசைப்படாமல் குலுங்கத் தொடங்கினாள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். என் இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து எரிந்துகொண்டிருந்தன. அவள் முதுகைத் தடவிக் கொடுக்க ஒன்றுகூட உதவவில்லை.